அரங்கச் சுவர்களுக்கு வெளியே

பூந்தமல்லியிலிருந்து நசரத்பேட்டை வழியாகச் செம்பரம்பாக்கம் நோக்கிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் இன்று படப்பிடிப்பு வளாகம் உண்டு. அறுபதாண்டுகளுக்கு முன்னரோ ஜெமினி, ஏவி.எம்., வாகினி போன்ற அரங்குகளின் வாயிலைக் கடவாமல் தமிழ்ப் படம் ஒன்று உருவாவது அரிது. அவ்வாயிலுக்கு வெளியே நின்று படமெடுக்க முனைந்தோர் சிலர். அவர்கள் முயற்சி நம் இலக்கிய வரலாற்றோடும் பிணைந்தது.

அன்றைய நடைமுறையில், நட்சத்திர நடிகரின் பெயரையும் பாடல்களையும் முன்வைத்தே தயாரிப்பாளர் விநியோகஸ்தரிடம் முன்பணம் பெறுவார். அப்பணத்தில்தான் கச்சாப் பிலிமும் அரங்க வாடகையும் ஈடாகும். நட்சத்திரமில்லாப் படத்திற்கு முன்பணமில்லை. முடித்துவிட்டாலும் கொட்டகை இல்லை. தடை கலையில் அன்று, கணக்கில் இருந்தது.

1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ இக்கணக்கை மீற எழுந்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று. வங்கப் பிரிவினையின் அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ எடுத்த நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து இதனை இயக்கினார். இசை எம்.பி. சீனிவாசன். தொழிலாளர் வாழ்வைப் பேசிய அப்படம் மத்திய அரசின் சான்றிதழ் பெற்றது. பாடல்கள் நிலைத்தன, படம் ஓடவில்லை. இவ்விருவரும் பின்னர்த் திரைத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டியெழுப்பியவர்கள் என்பது தற்செயலன்று.

அப்படத்திற்குப் பாடலெழுதிய ஜெயகாந்தன் 1965இல் தாமே இயக்குநரானார். ஆனந்த விகடனில் தாம் எழுதிய ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையை ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்ற பெயரில் படமாக்கினார். சேரிச் சிறுவன் சிட்டி, அவன் தாய் தங்கம், அவள் வாழ்வில் வரும் ஓர் ஆடவன்: இவர்களே கதை. பாடல் ஒன்றுகூட இல்லை; வீணைக் கலைஞர் சிட்டிபாபு பின்னணி இசையமைத்தார். சேரி மாந்தரை நகைச்சுவைக்கோ இரக்கத்திற்கோ மட்டும் பயன்படுத்தி வந்த திரையில், அவர்கள் தம் மொழியில் பேசினர். சத்யஜித் ராயின் ‘சாருலதா’ தங்கப்பதக்கம் பெற்ற அதே தேசிய விருதுச் சுற்றில் இப்படம் மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழைப் பெற்றது. எனினும் வணிகத்தில் தோற்றது. இன்று அதன் பிரதி எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை. எழுத்தாளர் என்பதால் கதையேனும் நூலாக எஞ்சிற்று. நிமாய் கோஷுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

கடல் கடந்தும் இக்கதையே. அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஆஸ்கர் மிஷோ, 1919இல் தம் நாவலைப் படமாக்க விவசாயிகளிடம் பங்குகளை விற்றார். படப்பெட்டியை ஊர் ஊராகக் கொண்டு சென்று திரையிட்டார். சார்லஸ் பர்னெட் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில், வார இறுதி நாட்களில் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’, இசையுரிமைச் சிக்கலால் 2007 வரை திரையரங்குகளுக்கு முறையாக வரவில்லை. அது முடிந்த 1977ஆம் ஆண்டிலேயே ஜான் ஆபிரகாம், வெங்கட் சாமிநாதனின் எழுத்தில், ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்தார். தேசிய விருது கிடைத்தும் அதனைத் திரையிட்ட கொட்டகைகள் மிகச் சில. பின்னர்க் கேரளத்தில் அவரும் ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தனர். மறு ஆண்டே ஜான் மறைந்தார்.