பூஞ்சணத்துக்கு முந்திய இரண்டு நாட்கள்

மாரி தொடங்கிவிட்டது. அலுமாரியைத் திறந்தால் ஒரு புழுங்கிய வாசம் வருமே, அது பூஞ்சணம் வேலையை ஆரம்பித்துவிட்டதன் அடையாளம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், உம்மும்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு எல்லாம் அந்த அலுமாரிக்குள்தான் இருக்கின்றன. அதனால் இன்று ஒரு வரலாறு சொல்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1966 நவம்பர் 4. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரையுடைத்தது. ஆற்றங்கரையிலேயே இருந்தது தேசிய மத்திய நூலகம். நிலக்கீழ் அறைகளிலும் கீழ்த்தளத்திலும் இருந்த பத்து இலட்சத்துக்கும் அதிகமான நூல்களும் பத்திரிகைகளும் நீரிலும் சேற்றிலும் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயிலும் மூழ்கின. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் ஓடி வந்தார்கள். வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி நூல்களை மேலே ஏற்றினார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று இத்தாலியர் இன்றும் அவர்களை நினைவுகூருகிறார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் அடுத்த எதிரி வந்தது. பூஞ்சண வித்திகள் எப்போதும் காற்றில் இருப்பவை. காகிதம், பசை, தோல் அட்டை எல்லாம் அவற்றுக்கு உணவு. குறைவாக இருந்தது ஈரம் மட்டும்தான். ஈரம் கிடைத்தால் இரண்டு மூன்று நாட்களில் முளைத்துவிடும். இலட்சக்கணக்கான நூல்களை இரண்டு நாளில் உலர்த்துவது எப்படி? தாள்களுக்கிடையே ஒற்றுத்தாள் வைத்தார்கள். மரத்தூள் தூவினார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளுக்குக்கூட லொறிகளில் அனுப்பினார்கள். நிறைய நூல்கள் தப்பின. ஆனால் திருத்தும் வேலை ஐம்பது ஆண்டு கடந்தும் முடியவில்லை.

அங்கே உதவப் போனவர்களில் ஒருவர் பீட்டர் வோட்டர்ஸ் என்ற பிரித்தானிய நூல் கட்டுநர். பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்த அவர், நனைந்த நூல்களை மீட்பது பற்றி 1975இல் ஒரு கைந்நூல் எழுதினார். அதன் முக்கிய பாடம்: உடனே உலர்த்த முடியாவிட்டால் உறைய வையுங்கள். 1972இல் அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடி நூதனசாலையில் வெள்ளம் புகுந்தபோது நூலக நூல்களை அப்படித்தான் காப்பாற்றினார்கள். உறைகுளிர் பூஞ்சணத்தைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்திவைக்கும். அதற்குள் ஆறுதலாக ஒவ்வொன்றாக உலர்த்தலாம்.

இந்தப் பாடம் நமக்குப் பக்கத்திலும் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26. நம் கரையை அடித்த அதே கடல்தான் இந்தோனேசியாவின் அச்சேயையும் அடித்தது. பண்டா அச்சே காணி அலுவலகத்தின் பதிவேடுகள் உப்புநீரிலும் சேற்றிலும் ஊறிக் கிடந்தன. அவற்றை உறைய வைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், ஜப்பானின் உதவியுடன் வெற்றிட முறையில் உலர்த்தினார்கள். அம்முறையில் பனிக்கட்டி நீராக உருகாமல் நேரே ஆவியாகிவிடும். காகிதத்துக்கு மேலதிகச் சேதம் குறைவு.

யோசித்துப் பாருங்கள். வீடு போயிற்று, வேலி போயிற்று, எல்லைக்கல்லும் போயிற்று. அதன்பிறகு ‘இது என் வாப்பாவின் காணி’ என்று சொல்ல மிஞ்சியிருப்பது அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம் மட்டுமே. நமது கரையோர ஊர்களில் எத்தனை காணிப் பிணக்குகள் நனைந்துபோன ஓர் உறுதியிலிருந்து தொடங்கின என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பாடமும் உண்டு. ஒரு காலத்தில் நூலகங்கள் தைமோல், எத்திலீன் ஒட்சைட்டு போன்ற இரசாயனப் புகைகளால் பூஞ்சணத்தைக் கொன்றன. எத்திலீன் ஒட்சைட்டு புற்றுநோய் தரும் வாயு. கொன்றாலும் ஈரம் இருந்தால் புதிய வித்தி வந்து மறுபடி முளைக்கும். எனவே மருந்தைவிட ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே வழி என்று முடிவுக்கு வந்தார்கள். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நீடித்தால் ஆபத்து. நமது கரையோரத்தில் அது பெரும்பாலான நாட்களில் அதற்கு மேல்தான்.

நாம் செய்யக்கூடியவை:

• அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் காற்றோட ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நூல்களை நெருக்கி அடுக்க வேண்டாம்.

• நனைந்த உறுதியை வெயிலில் போட வேண்டாம், மை மங்கும், தாள் சுருங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள்.

• இரண்டு நாளில் முடியாதென்றால் பொலித்தீனில் சுற்றி ஃப்ரீசருக்குள் வையுங்கள். மீன் வைக்கும் ஃப்ரீசரே போதும்.

• ஈரப் பூஞ்சணத்தைத் துடைக்காதீர்கள், இன்னும் பரவும். உலர்ந்து தூளான பின் முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை இதைச் செய்ய விடாதீர்கள்.

• முக்கிய ஆவணங்களை இன்றே போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். படம் உறுதிக்குப் பதிலாகாது. ஆனால் இலக்கமும் திகதியும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

பள்ளிவாசலின் பழைய பதிவேடுகளும் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் இதே ஈரத்தில்தான் இருக்கின்றன. நிர்வாகத்தில் உள்ள சகோதரர்கள் மழை வலுக்க முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கூட வந்து தூசு தட்ட நாமும், நமது உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் தயார், இன்ஷா அல்லாஹ்.