எண்ணப்படாத இரண்டாம் விருப்பம்

பொதுத் தேர்தலில் ஒரே பெயரைத் தேர்ந்து பழகியவர்கள் நாம். ஜனாதிபதித் தேர்தலிலோ பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி குறிக்கின்றனர். ‘எனக்கு இவர், இவர் இல்லையேல் அவர்’ என்று சொல்ல இடமளிக்கும் முறை இது. ஆகையால் எல்லோருக்கும் ஓரளவு உகந்த சமரச வேட்பாளரே இதில் வெல்வார் என்று தோன்றும். நடப்பது வேறு.

1969ஆம் ஆண்டு மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். காங்கிரஸ் அப்போது பிளவின் விளிம்பில் நின்றது. கட்சியின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தியின் ஆதரவு பெற்றவர் சுயேச்சையாக நின்ற வி. வி. கிரி. மூன்றாமவர் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராகவும் நிதியமைச்சராகவும் விளங்கிய சி. டி. தேஷ்முக். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் அவரை நிறுத்தியமையால் அவரைச் சமரச வேட்பாளர் என்றே கூறிவிட இயலாது. ஆயினும் இருவர் மோதலில் மூன்றாமவருக்கு நேரும் கதியை அவரிடம் காண்கிறோம்.

சட்டசபை உறுப்பினரின் வாக்கு, மாநில மக்கள்தொகையைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. (பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த நம்மவரின் தலைகளும் அக்கணக்கில் அடங்கியவையே.) முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. எவரும் அதனை எட்டவில்லை. சிறு வேட்பாளர்களை அடுத்துத் தேஷ்முக் நீக்கப்பட்டார். அவர்களுடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி பகிரப்பட்டன.

இங்கேதான் நாம் ஊன்றி நோக்கவேண்டும். அடுத்த விருப்பம் பார்க்கப்படுவது நீக்கப்பட்டவரின் சீட்டுகளில் மட்டுமே. கிரியின் சீட்டிலும் ரெட்டியின் சீட்டிலும் 2 என்ற எண் யார் பெயருக்கு எதிரே இருந்தது என்பது கணக்கில் வரவேயில்லை. எதிரி வருவதினும் தேஷ்முக் வரட்டும் என்று அவ்விரு சாராரும் ஒருமுகமாக எழுதியிருந்தாலும், அவருக்கு ஒரு வாக்கும் கூடியிராது. பலருக்கு இரண்டாமவராயிருப்பவர், சிலருக்கேனும் முதல்வராக இல்லாவிடில் பாதியிலேயே வீழ்கிறார். முதல் விருப்பம் மிகுதியாகப் பெறாத ஒருவர் நாட்டின் தலைவராவது முறையன்று என்று இதற்குச் சமாதானம் கூறுவர். அமைதிக் காலத்துக்கு அது பொருந்தலாம். ஒரு கட்சியே இரு பகைமுகாம்களாக நிற்கும் வேளைக்குப் பொருந்துமா என்பது நம் ஐயம்.

பகிர்வில் ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது, கிரிக்கு 18,562தான். அதுவே போதுமானதாயிற்று. 4,20,077க்கு 4,05,427 என்று கிரி வென்றார். ஆகஸ்டு 24ஆம் தேதி பதவியேற்றார். அவ்வாண்டு நவம்பரில் காங்கிரஸ் இரண்டாகியது.