அண்டார்டிகாவின் நடுக்குளிர்த் திருநாள்

அண்டார்டிகாவில் ஆண்டுதோறும் ஜூன் 21 அல்லது 22ஆம் தேதி 'நடுக்குளிர் நாள்' கொண்டாடப்படுகிறது. அந்தக் கண்டத்துக்குச் சொந்தக் குடிமக்கள் கிடையாது. குளிர்காலத்தை அங்கே கழிப்பவர்கள் அனைவரும் வீட்டையும் உறவையும் எங்கோ விட்டுவிட்டு வேலைக்காக வந்தவர்கள். அவர்கள் தங்களுக்காகத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட பண்டிகை இது. எந்தச் சமயத்தையும் சாராமல், எந்த நாட்டுக்கும் தனியுரிமை இல்லாமல், 120 ஆண்டுகளுக்கு மேலாக அது தொடர்ந்து வருகிறது. உடன் தங்கியிருப்பவர்களையே உறவாகக் கொள்ள வேண்டிய கட்டாயத்திலிருந்து பிறந்த வழக்கம் என்பதே அதன் தனிச்சிறப்பு.

சூரியன் இல்லாத மாதங்கள்

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. ஜூன் 21 வாக்கில் சூரியன் கடகரேகைக்கு நேர் மேலே வருகிறது. தமிழ்நாட்டில் ஆனி மாதத்தின் நீண்ட பகல் காயும் அந்த நாளில், தெற்கே 66.5 பாகைக்கு அப்பால் சூரியன் எழுவதே இல்லை. தெற்கே போகப் போக இந்த இருள் நீள்கிறது. 70 பாகையில் உள்ள இந்தியாவின் மைத்ரி நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம். 77 பாகையைத் தாண்டிய மக்மர்டோ நீரிணைப் பகுதியில் ஏறத்தாழ நான்கு மாதம். தென்துருவத்தில் ஆறு மாதம்.

கோடை முடியும்போது கடல் உறையத் தொடங்கும். கடைசிக் கப்பல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிளம்பிவிட்டால், அடுத்த கோடைவரை புதிய முகம் எதையும் பார்ப்பது அரிது. ஆரம்ப காலத்தில் கடிதமும் இல்லை, செய்தியும் இல்லை. தங்கியவர்களுக்கு நாள்களைப் பிரித்துக் காட்டிய பெரிய அடையாளம் நடுக்குளிர் நாள்தான். அன்றோடு பாதி இருள் கழிந்தது. மறுநாளிலிருந்து சூரியன் திரும்பி வரத் தொடங்குகிறது. தை மாதத்தைச் சூரியனின் வடசெலவோடு சேர்த்துப் போற்றும் மக்களுக்கு இந்த மகிழ்ச்சியை விளக்கத் தேவையில்லை.

வடதுருவத்தில் கிடைத்த முன்மாதிரி

இந்த வழக்கத்தின் வேர் வடதுருவப் பயணங்களில் இருக்கிறது. 1819இல் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி எட்வர்ட் பாரி, 'ஹெக்லா', 'கிரைப்பர்' என்ற இரண்டு கப்பல்களோடு கனடாவின் வடக்கே உள்ள மெல்வில் தீவில் குளிர்காலத்தைக் கழித்தார். ஏறத்தாழ மூன்று மாதம் சூரியனைப் பார்க்காத அந்த மாலுமிகளுக்கு வெறுமையே பெரிய பகையாகும் என்று அவர் கணித்தார். அதிகாரிகளே வேடமிட்டு நாடகம் போட்டார்கள். எட்வர்ட் சபைன் ஆசிரியராக இருந்து வாரப் பத்திரிகை ஒன்றை நடத்தினார். கிறிஸ்துமஸ் அன்று, மே மாதம் முதல் கப்பலில் குளிரிலேயே கெடாமல் கிடந்த இங்கிலாந்து மாட்டிறைச்சி விருந்தானது.

வடதுருவத்தில் கிறிஸ்துமஸ் நடுக்குளிரிலேயே வந்துவிடுவதால் வேறு பண்டிகை தேவைப்படவில்லை. தெற்கில் நிலைமை தலைகீழ். அங்கே டிசம்பர் என்பது கோடை; பனிவண்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே நெடும்பயணம் போகும் காலம். விருந்துக்கு ஓய்வும் இல்லை, எல்லாரும் ஓரிடத்தில் இருப்பதும் இல்லை. அதனால் கிறிஸ்துமஸின் உணவும் பரிசும் பாட்டும் ஜூன் மாதத்துக்கு இடம்பெயர்ந்தன.

'பெல்ஜிகா' தந்த எச்சரிக்கை

அண்டார்டிக வட்டத்துக்குத் தெற்கே முதலில் குளிர்காலத்தைக் கழித்தது, அட்ரியன் டி ஜெர்லாச் தலைமையிலான 'பெல்ஜிகா' கப்பல். 1898 மார்ச்சில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலின் பனிக்கட்டிகளில் அது சிக்கிக்கொண்டது. பெல்ஜியம், நார்வே, போலந்து, ருமேனியா, அமெரிக்கா எனப் பல நாட்டவர் அதில் இருந்தார்கள். இப்படி ஒரு குளிர்காலத்துக்கான ஆயத்தம் அவர்களிடம் போதிய அளவு இல்லை. மே மாத நடுவில் சூரியன் மறைந்தது. ஜூன் 5 அன்று குழுவைச் சேர்ந்த எமில் டான்கோ இறந்தார். ஸ்கர்வி நோய் பரவியது. சிலர் பேச்சற்றுப் போனார்கள், சிலருக்குப் புத்தி தடுமாறியது.

மருத்துவர் ஃபிரெடெரிக் குக், பெங்குவின், சீல் இறைச்சியைச் சரியாக வேகவிடாமல் தின்ன வைத்தும், எரியும் அடுப்பின் முன் நோயாளிகளை உட்கார வைத்தும், பனியில் நடக்க வைத்தும் பலரைக் காப்பாற்றினார். உடலுக்குத் தரும் கவனத்தை மனதுக்கும் தராவிட்டால் அண்டார்டிக இரவைத் தாண்ட முடியாது என்பதை அந்தக் கப்பல் காட்டியது. அதில் துணை அதிகாரியாக இருந்த ரோவால்ட் அமுன்ட்சென் பிற்காலத்தில் தென்துருவத்தை முதலில் அடைந்தார்.

ஸ்காட் காலத்து விருந்துகள்

நடுக்குளிர் நாள் ஒரு பண்டிகையாக வேரூன்றியது ராபர்ட் ஸ்காட்டின் 'டிஸ்கவரி' பயணத்தில். 1902 ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால், மறுநாள் திங்கட்கிழமை கொண்டாடினார்கள். பனியில் உறைந்து நின்ற கப்பலின் தளங்களை வண்ணத்தாளால் அலங்கரித்தார்கள். இங்கிலாந்திலிருந்து வரும்போதே கட்டிக் கொடுத்திருந்த பரிசுகளைப் பிரித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கரையிலிருந்த குடிசை நாடக அரங்கமானது. 'சவுத் போலார் டைம்ஸ்' என்ற தட்டச்சு இதழும் அப்போது பிறந்தது. எர்னஸ்ட் ஷேக்கிள்டன் அதன் ஆசிரியர். எட்வர்ட் வில்சன் படம் வரைந்தார்.

இந்த விருந்துகளில் புகழ்பெற்றது, ஸ்காட்டின் அடுத்த பயணத்தின்போது, 1911 ஜூன் 22 அன்று கேப் எவன்ஸ் குடிசையில் நடந்தது. அங்கே 25 பேர் தங்கியிருந்தார்கள். சீல் சூப், மாட்டிறைச்சி வறுவல், யார்க்ஷயர் புட்டிங், தீயேற்றிய பிளம் புட்டிங், பழமிட்டாய், ஷாம்பெயின் என்று உணவு நீண்டது. மரமே முளைக்காத கண்டத்தில், ஹென்றி பவர்ஸ் குச்சிகளையும் இறகுகளையும் கட்டி ஒரு கிறிஸ்துமஸ் மரம் செய்து, மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொருவருக்கும் சின்னப் பரிசு தொங்கியது. ஆப்ஸ்லி செரி-கரார்ட் அன்று 'சவுத் போலார் டைம்ஸ்' புதிய இதழை வெளியிட்டார். ஹெர்பர்ட் பான்டிங் தாம் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார்.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 27 அன்று, வில்சனும் பவர்ஸும் செரி-கரார்டும் எம்பரர் பெங்குவின் முட்டை தேடிக் கேப் குரோசியருக்குக் கிளம்பினார்கள். வழியில் குளிர் மைனஸ் 60 பாகை செல்சியஸையும் தாண்டியது. மூன்று முட்டைகளோடு உயிர் தப்பித் திரும்பினார்கள். வில்சனும் பவர்ஸும் 1912இல் ஸ்காட்டோடு துருவப் பயணத்தில் மாண்டார்கள். அந்த இருவருக்கும் வாய்த்த கடைசி நடுக்குளிர் விருந்து அதுவே.

பஞ்சத்திலும் பண்டிகை

வசதியான குடிசையில் விருந்து வைப்பது எளிது. இந்த வழக்கத்தின் வலிமை தெரிவது ஒன்றுமில்லாத இடங்களில்தான். ஸ்காட் குழுவின் ஒரு பிரிவான விக்டர் கேம்ப்பெல் தலைமையிலான ஆறு பேரை, 1912 தொடக்கத்தில் கடற்பனி தடுத்ததால் கப்பலால் ஏற்றிச் செல்ல முடியவில்லை. இன்எக்ஸ்பிரசிபிள் தீவில் பனித்திரளைக் குடைந்து ஒரு குகை செய்து, சீல் கொழுப்பு விளக்கின் கரியில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கேம்ப்பெல் தரையில் ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் அதிகாரிகள் மூவர், மறுபக்கம் மாலுமிகள் மூவர். ஒரு பக்கத்தில் பேசுவது மறுபக்கத்தின் காதில் விழாததாகவே கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சீல், பெங்குவின் இறைச்சியே அன்றாட உணவு. சர்க்கரைக் கட்டியும் சாக்லேட்டும் வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக் கொடுக்கப்பட்டன. நடுக்குளிர் நாளுக்கென்று அந்தக் கணக்கைத் தளர்த்தி, வயிறு நிறைய உண்டு, கோக்கோவும் பிஸ்கட்டும் சத்து ஒயினும் பகிர்ந்துகொண்டார்கள். ஆறு பேரும் 1912 நவம்பரில் உயிரோடு திரும்பினார்கள்.

அதே ஆண்டில் டக்ளஸ் மாசனின் ஆஸ்திரேலியக் குழுவைச் சேர்ந்த 18 பேர், காற்றின் ஆண்டுச் சராசரி வேகமே மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டராக இருந்த கேப் டெனிசனில் இந்த நாளை விருந்தோடு கொண்டாடினார்கள்.

ஷேக்கிள்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915இல் வெட்டெல் கடல் பனியில் சிக்கியபோது, அதன் 28 பேரில் அதிகாரிகளும் அறிவியலாளர்களும் சரக்கறையைத் தங்குமிடமாக்கி 'ரிட்ஸ்' என்று ஓட்டல் பெயர் சூட்டினார்கள். 1915 ஜூன் 22 அன்று அங்கே மேடை எழும்பியது. வேடமும் பாட்டுமாக நள்ளிரவுவரை நிகழ்ச்சி நடந்தது. நவம்பரில் கப்பல் மூழ்கியது. 1916இன் நடுக்குளிர் நாளில் அந்த 28 பேரில் 22 பேர் எலிஃபன்ட் தீவில், கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளின் அடியில் கிடந்தார்கள். உதவி தேடிப் போன ஷேக்கிள்டன் உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. அன்று லெனார்ட் ஹஸியின் பாஞ்சோ இசைக்கப் பாடினார்கள். வெந்நீரில் இஞ்சித்தூளும் சர்க்கரையும், அடுப்பெரிக்க வைத்திருந்த சாராயமும் கலந்து வீட்டாரின் நலத்துக்காக அருந்தினார்கள். ஆகஸ்ட் 30 அன்று லூயிஸ் பார்டோ செலுத்திய சிலி நாட்டுக் கப்பல் 'யெல்சோ', ஷேக்கிள்டனோடு வந்து அனைவரையும் மீட்டது.

வானொலி கொண்டுவந்த குரல்கள்

அண்டார்டிகாவை வெளியுலகோடு முதலில் கம்பியில்லாத் தந்தியால் இணைத்தது மாசனின் குழு. மக்குவாரி தீவு வழியாக 1913இல் செய்திகள் போய்வந்தன. 1929இல் ரிச்சர்ட் பேர்டின் 'லிட்டில் அமெரிக்கா' முகாமில் தங்கிய 42 பேருக்கு, அமெரிக்க வானொலி நிலையங்கள் வீட்டார் எழுதிய கடிதங்களை வாசித்து ஒலிபரப்பின. ஆனால் குரல் கேட்பது கூட்டு வாழ்வுக்கு ஈடாகாது. 1934இல் பேர்ட், முகாமிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே ஒரு சிறு குடிசையில் தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்க முயன்றார். அடுப்புப் புகையின் கார்பன் மோனாக்சைடு அவருக்கு மெல்ல மெல்ல நஞ்சூட்டியது. அவருடைய வானொலிச் செய்திகள் தடுமாறுவதைக் கவனித்தே தோழர்கள் சந்தேகப்பட்டு, ஆகஸ்டில் மூன்று பேராகப் போய்க் காப்பாற்றினார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து நிலையான தங்குமிடங்கள் பெருகின. 1955இலிருந்து பிபிசி, பிரிட்டிஷ் நிலையங்களில் குளிர்காலம் தங்குபவர்களுக்கென்றே ஆண்டுதோறும் நடுக்குளிர் ஒலிபரப்பை நடத்துகிறது. சில பத்துப் பேருக்காக ஒலிக்கும் அந்த நிகழ்ச்சியில் குடும்பத்தாரின் வாழ்த்தும் விரும்பிக் கேட்ட பாடல்களும் வரும். 1957இல் 18 பேர் தென்துருவத்திலேயே முதன்முறையாகக் குளிர்காலத்தைக் கடந்தார்கள். அவர்களுக்கு அறிவியல் தலைவராக இருந்த பால் சைப்பிள், 1928இல் சாரணச் சிறுவனாகப் பேர்டோடு வந்தவர்.

1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக ஒப்பந்தம், 1961 ஜூன் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடுக்குளிர் நாள் பல நாட்டு நிலையங்களுக்கும் பொதுவான விடுமுறையாக நிலைத்தது.

பெண்களும் இந்தியர்களும்

நெடுங்காலம் இது ஆண்களின் பண்டிகையாகவே இருந்தது. அண்டார்டிகாவில் முதலில் குளிர்காலத்தைக் கழித்த பெண்கள், 1947இல் ஸ்டோனிங்டன் தீவில் தங்கிய எடித் ரோனியும் ஜென்னி டார்லிங்டனும். தென்துருவ நிலையத்தில் 1979இல் மருத்துவர் மிஷேல் ரேனி முதல் பெண்ணாகத் தங்கினார்.

இந்தியாவின் முதல் பயணக்குழு 1982 ஜனவரியில் அங்கே கால் பதித்தது. தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் 1984இல் 12 பேர் கொண்ட குழு முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கடந்தது. பனியில் புதைந்துபோன அந்த நிலையத்துக்குப் பதிலாக 1989இல் மைத்ரி வந்தது; 2012இல் பாரதி நிலையம் சேர்ந்தது. இஸ்ரோவின் மங்களா மணி, 2016-17இல் பாரதி நிலையத்தில் 403 நாள்கள் பணியாற்றினார். அந்தக் குளிர்காலக் குழுவில் அவர் ஒருவரே பெண்.

இன்றைய வழக்கம்

இன்று ஏறத்தாழ ஆயிரம் பேர் அண்டார்டிகாவில் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். ஒவ்வொரு நிலையமும் குழுப்படம் போட்ட வாழ்த்து அட்டையை மற்ற நிலையங்களுக்கு அனுப்புகிறது. பல அட்டைகளில் விருந்துக்கு அழைப்பும் இருக்கும். வர முடியாது என்று தெரிந்தே அழைப்பதும் மரபாகிவிட்டது. மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்காயாவும், அமெரிக்காவின் மக்மர்டோவுக்கு அருகில் நியூசிலாந்தின் ஸ்காட் பேஸும் இருப்பதுபோல, அண்டை நிலையம் உள்ளவர்கள் மட்டுமே நேரில் போய்வரலாம்.

பிரிட்டிஷ் நிலையங்களில் பரிசு கொடுப்பதே முதன்மையான சடங்கு. யார் யாருக்குப் பரிசு தருவது என்று மாதங்களுக்கு முன்பே சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கடை இல்லாத இடமாதலால், பட்டறையில் மரத்தையும் உலோகத்தையும் இழைத்துத் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும். அன்று காலை நிலையத் தலைவரே எல்லாருக்கும் சிற்றுண்டி சமைத்துப் பரிமாறுவார். ஆஸ்திரேலிய நிலையங்களில் கடற்பனியில் குழி வெட்டி, உறைநிலைத் தண்ணீரில் முங்கி எழுவார்கள். பிறகு விருந்தும் நாடகமும் நடக்கும்.

நீண்ட தனிமையில் பாதிக்காலம் கடந்த பிறகே மனம் அதிகம் சோர்கிறது என்று 1991இல் உளவியல் ஆய்வாளர்கள் இருவர் கருத்துரைத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அது உறுதிப்படவில்லை. ஆயினும், வரவிருக்கும் கடினமான மாதங்களுக்கு முன் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் பழக்கத்தை இந்த நாள் புதுப்பித்துத் தருகிறது என்பதைக் கேம்ப்பெல் குழுவும் எலிஃபன்ட் தீவின் 22 பேரும் வாழ்ந்தே காட்டியிருக்கிறார்கள். கப்பல் தந்த கிறிஸ்துமஸ் உணவோடு இரவல் பண்டிகையாகத் தொடங்கியது, இன்று அந்தக் கண்டத்துக்கே உரிய திருநாளாக நிற்கிறது.