அச்சுப்படக் கடை அம்மையார்

லண்டன் ஓவியர் ஜேம்ஸ் கில்ரே 1796-இல் பொறித்த படமொன்றில் நால்வர் சீட்டாடுகின்றனர். பந்தயம் இரண்டு பென்னிதான்! அவர்களுள் ஓர் அம்மையார், கில்ரேயின் படங்களை வெளியிட்ட ஹன்னா ஹம்ஃப்ரி என்பது வழிவழி வந்த கருத்து. பிறர் முகங்களை விற்றவருக்கு வாய்த்த உருவம் இது.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து அச்சிட்ட கேலிச்சித்திரங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவித்து அவர் விற்றார். மன்னரும் மந்திரிகளும் அவற்றில் நகைப்புக்கு ஆளாயினர். செயின்ட் ஜேம்ஸ் வீதி 27-ஆம் இலக்கத்தில் கடை. 1808-ஆம் ஆண்டுப் படமொன்றில் அதன் வாயிலில் ஒருவர் வழுக்கி விழுகிறார். பின்னால் நிற்போரோ சாளரத்துப் படங்களிலேயே கண்ணாயிருக்கின்றனர்.

மணமாகாதவராயினும் அவரைத் ‘திருமதி’ என்றே அழைத்தனர். கில்ரே அவர் இல்லத்திலேயே தங்கியிருந்தார். வம்புப் பேச்சுக்குக் குறைவில்லை. அது நமக்கு வேண்டாம். ஓவியரின் பார்வை மங்கிற்று. 1811-ஆம் ஆண்டளவில் சித்தமும் கலங்கிற்று. இனி அவரால் வருவாய் இல்லை. எனினும் அம்மையார் அவரை வெளியேற்றவில்லை. 1815-இல் அவர் இறக்கும் வரை பேணினார். 1818-இல் அம்மையாரும் காலமானார். கடை சகோதரர் மகன் ஜார்ஜ் ஹம்ஃப்ரியின் கைக்குப் போயிற்று.