இரட்டைச் சுருளின் மீது எழுந்த ஓர் ஐயம்: மதராஸ் மரபிலிருந்து ஒரு குறிப்பு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு முழம் இருபுரிக் கயிறு வாங்கி, ஒவ்வொரு புரியின் தலையையும் அதன் வாலோடே பிணைத்து வளையமாக்கிப் பாருங்கள். எந்தப் புரியையும் அறுக்காமல் அவ்விரண்டையும் தனித்தனியே பிரித்தெடுக்க இயலாது. பள்ளி மாணவர்க்கு டி.என்.ஏ.யின் அமைப்பை விளக்கும்போது நாம் பெரும்பாலும் ஏணியை முறுக்கிக் காட்டுகிறோம். இந்த வளையத்தைக் காட்டுவதில்லை. ஆனால் இரட்டைச் சுருளின் வரலாற்றில் மிகக் கூர்மையான வினா இதிலிருந்தே பிறந்தது. அவ்வினாவை எழுப்பியவருள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழக மரபில் வந்த வி. சசிசேகரன்.

அம்மரபைத் தோற்றுவித்தவர் எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன். வாட்சனும் கிரிக்கும் 1953இல் டி.என்.ஏ.க்கு இருபுரி மாதிரியை முன்வைத்தனர். மறு ஆண்டே ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு முப்புரி மாதிரியை வெளியிட்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதனைக் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை முறையாகக் கணக்கிட்ட முயற்சியே, சி. ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடமாக முடிந்தது.

பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய சசிசேகரன், அதே அளவுகோலை நியூக்ளியோடைடுகளுக்கும் பொருத்தினார். டி.என்.ஏ. வலஞ்சுழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அணுக்களின் நெருக்கம் மட்டும் போதிய சான்றாகாது என்று அவர் கண்டார். இழைகளிலிருந்து பெற்ற எக்ஸ்-கதிர்ப் படங்களும் முழுச் சான்றல்ல. இழையில் மூலக்கூறுகள் நீளவாக்கில் ஒழுங்குபட்டிருப்பினும் தத்தம் அச்சில் பலவாறு திரும்பியிருக்கும். ஆகவே படம் தருவது சராசரித் தகவலே. மாதிரியை முதலில் கட்டிப் பிறகே படத்தோடு ஒப்பிட வேண்டும்.

இத்துடன் கயிற்றுச் சிக்கலும் சேர்ந்தது. எஷ்சரிச்சியா கோலை பாக்டீரியாவின் வளைய டி.என்.ஏ.யில் சுமார் 46 லட்சம் கார இணைகள் உள்ளன. சுற்றுக்கு ஏறத்தாழ 10 இணைகள் எனில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறுக்குகள். அவை அனைத்தையும் சுமார் 40 நிமிடங்களில் அவிழ்த்து நகலெடுப்பது எங்ஙனம்?

1976இல் சசிசேகரனும் பட்டாபிராமனும், நியூசிலாந்தில் ராட்லி குழுவினரும், ஒருவரையொருவர் சாராமல் மாற்று மாதிரியை முன்வைத்தனர். அதில் காரங்களின் இணைப்பு மாறவில்லை. ஆனால் இழைகள் ஒன்றையொன்று முற்றாகச் சுற்றாமல், சிறிது வலஞ்சுழியாகவும் சிறிது இடஞ்சுழியாகவும் மாறி மாறித் திரும்பிப் பக்கம் பக்கமாகச் செல்லும்.

கிரிக் இதனைப் புறக்கணிக்கவில்லை. ஜேம்ஸ் வாங், வில்லியம் பாயர் ஆகியோருடன் 1979இல், ‘டி.என்.ஏ. உண்மையில் இரட்டைச் சுருள்தானா?’ என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். பக்கம் பக்கமாகச் செல்லும் மாதிரி மெய்யானால், வளைய டி.என்.ஏ.யில் இழைகளின் பின்னல் எண் சுழிக்கு அருகில் இருக்க வேண்டும். சோதனைகளோ ஏறத்தாழ 10 இணைகளுக்கு ஒரு பின்னல் எனக் காட்டின. முறுக்கை அவிழ்க்கும் வேலையை, இழையை வெட்டி மீண்டும் ஒட்டும் டோபோஐசோமெரேஸ் நொதிகள் செய்கின்றன. மாற்று மாதிரி வீழ்ந்தது.

எனினும் அதே 1979இல், ரிச்சின் குழுவினர் ஒற்றைப் படிகத்திலிருந்து கண்டறிந்த ‘இசட்’ வடிவ டி.என்.ஏ. இடஞ்சுழியாக இருந்தது. இடஞ்சுழியும் இயலும் என்ற சசிசேகரனின் பொதுக்கருத்து பிழையன்று. வழக்கமான ‘பி’ வடிவத்தின் வலஞ்சுழியை அணுவளவில் ஒற்றைப் படிகம் உறுதிசெய்தது, டிக்கர்சன் குழுவினர் வாயிலாக, 1980இல்தான். 1953 கட்டுரைக்கு 27 ஆண்டுகள் கழித்து.

நம் பாடநூல்கள் 1953ஐ முடிவாக எழுதுகின்றன. அந்த 27 ஆண்டுகளை எழுதுவதில்லை. விளைவாக, சுருளின் படத்தை வரையத் தெரிந்த மாணவன், அது சுருள் என்று எப்படி அறிந்தோம் எனக் கேட்டால் திகைக்கிறான். உயிரியல் கற்பிக்கும் நண்பர்கள் அடுத்த வகுப்புக்கு அந்த ஒரு முழக் கயிற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வளையத்தை மாணவர் கையில் கொடுத்து, பிரிக்கச் சொல்லுங்கள். விடையைச் சற்றுப் பொறுத்தே கூறுங்கள்.