பிரிக்கும் சொல்லும் இணைக்கும் சொல்லும்

கருத்து வேற்றுமை இல்லாத அரசியல் எந்நாட்டிலும் இல்லை. ஆயினும் அவ்வேற்றுமையை எடுத்துரைக்கும் முறையைப் பொறுத்தே நாட்டின் நலமும் கேடும் அமைகின்றன. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்று ஒன்று உண்டு.

அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9ஆம் நாள் புது தில்லியில் முதன்முதலாகக் கூடிற்று. முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் அதற்கு வரவில்லை. சுதேச சமஸ்தானங்களின் பிரதிநிதிகளும் அப்போது இடம்பெறவில்லை. இந்தியா சுதந்திரக் குடியரசாக விளங்க வேண்டும் என்னும் இலட்சியத் தீர்மானத்தை 13ஆம் நாள் நேரு முன்மொழிந்தார். வராதவர்கள் வரும்வரை அதனை ஒத்திவைக்கலாம் என்று டாக்டர் ஜயகர் திருத்தம் கொணர்ந்தார். அவையில் அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது.

17ஆம் நாள் சபைத் தலைவர் இராஜேந்திர பிரசாத், டாக்டர் அம்பேத்கரைப் பேச அழைத்தார். காங்கிரசைக் கடுமையாகக் கண்டித்து அதற்கு முந்திய ஆண்டுதான் நூல் வெளியிட்டிருந்தார் அவர். அத்தகையவரிடம் சுடுசொல்லை எதிர்பார்ப்பது இயல்பே. அவர் பேசியதோ வேறு.

நாம் பகைமை கொண்ட பல முகாம்களாகப் பிரிந்து நிற்கிறோம்; அவற்றுள் ஒன்றுக்கு நானே தலைவனாக இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். காலம் கனியும்போது இந்நாட்டு மக்கள் ஒன்றாவர் என்ற தம் உறுதியையும் தெரிவித்தார். தீர்மானத்தின் குறைகளை அவர் மூடி மறைக்கவில்லை. உரிமைகளைக் கூறும் தீர்மானம், அவை பறிபோனால் பரிகாரம் யாது என்பதைக் கூறவில்லையே என்று இடித்துரைத்தார். இறுதியாக, பிறரை அச்சுறுத்தும் கோஷங்களை விட்டொழிப்போம், எதிரிகளின் தப்பெண்ணங்களுக்கும் சிறிது இடங்கொடுப்போம் என்றார். தீர்மானத்தை நிறைவேற்றச் சபைக்கு அதிகாரம் உண்டா என்பதன்று, அவ்வாறு செய்வது விவேகமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

விவாதம் ஒத்திவைக்கப்பட்டது, 1947 ஜனவரி 22ஆம் நாள் தீர்மானம் நிறைவேறிற்று. அப்போதும் லீக் வரவில்லை, பின்னர் நாடும் பிரிந்தது. அப்படியாயின் அவ்வுரை வீணாயிற்றா?

வங்கம் பிரிந்தமையால் அம்பேத்கர் தம் உறுப்பினர் பதவியை இழந்தார். அவர் கண்டித்த காங்கிரசே அவரைப் பம்பாயிலிருந்து மீண்டும் சபைக்கு அனுப்பிற்று. 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைக்கப்பெற்ற வரைவுக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949 நவம்பர் 26ஆம் நாள் அரசியலமைப்பு ஏற்கப்பெற்றது. இவையனைத்தும் ஓர் உரையினால் மட்டுமே விளைந்தன என்று கூறுவதற்கில்லை. எனினும், அன்று கதவை அறைந்து சாத்தியிருந்தால் பின்னர் அதனைத் திறப்பது எளிதாயிருந்திராது.

அம்பேத்கர் தம் கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிராளியை இகழ்வதை மட்டுமே விட்டுக்கொடுத்தார். இன்றைய மேடைகளிலும் இவ்வேறுபாடு உணரப்படுமானால் நம் அரசியல் உயரும். நாளை அம்மேடைகளில் ஏறவிருக்கும் மாணவர்கள், இன்று தங்கள் கல்லூரிச் சொற்போரிலேயே இதனைப் பழகத் தொடங்கலாம்.