கபூதர்கானாவும் ஜீவதயையும்: மும்பை வரலாறு தரும் பாடம்

தாதர் மேற்கில் காய்கறி வாங்கப் போகும் நம் மும்பைத் தமிழர்களில் கபூதர்கானாவை அறியாதவர் இல்லை. 2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு, நகரிலுள்ள 51 கபூதர்கானாக்களையும் மூடும்படி மாநகராட்சிக்குச் சொன்னது. ஆகஸ்டில் தாதரில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கூட்டம் திரண்டு அதைக் கிழித்தது. மக்களின் உடல்நலமே முக்கியம் என்று கூறி உயர் நீதிமன்றம் தடையைத் தளர்த்த மறுத்தது. சமணர் பலர் மனம் புண்பட்டார்கள். சமணன் என்ற முறையில் எனக்கும் இதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

இந்த வழக்கு மும்பைக்குப் புதிதல்ல. 1832-இல் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேய அரசு ஆணையிட்டு, தலைக்கு இவ்வளவு காசு என்று கொடுத்தது. பார்ஸிகள் கொதித்தெழுந்தார்கள், மற்ற சமூகத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். கடையடைப்பு, கலவரம் எல்லாம் நடந்தன. அரசு பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வெறிநாய்க்கடிக்கு அன்று மருந்தே கிடையாது. பாஸ்டர் முதன்முதலில் மனிதருக்குத் தடுப்பூசி போட்டதே 1885-இல்தான்.

பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பார்ஸி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர்களும் கூடி 1834-இல் பம்பாய் பாஞ்சராபோலை நிறுவினார்கள். ‘நாயைக் கொல்லாதே’ என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. தனி இடம் ஒதுக்கி, பணம் போட்டு, பராமரிக்க ஏற்பாடு செய்தார்கள். உயிரும் பிழைத்தது, ஊருக்கும் தொல்லை குறைந்தது.

இனி புறாவுக்கு வருவோம். காய்ந்த எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்களை நாள்தோறும் மூச்சில் இழுத்தால், சிலருடைய நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கும். புறா வளர்ப்போரிடம் இதைக் கண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1965-இல் எழுதினார்கள். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் முதல் அடையாளம். தொடக்கத்திலேயே புறாவை விட்டு விலகினால் பெரும்பாலும் தேறலாம். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும், அது திரும்பாது. இது தொற்றுநோய் அல்ல. ஆனால் தொற்றும் உண்டு: கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை புறா எச்சத்தில் வளர்வதை எம்மன்ஸ் என்ற அறிஞர் 1955-இல் காட்டினார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது மூளைக் காய்ச்சல் வரை கொண்டுபோகும்.

எல்லாப் பழியையும் புறாமேல் போடுவதும் சரியல்ல. நம் நாட்டில் 1,084 நுரையீரல் நோயாளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான அறிக்கையில், சுமார் 47 சதவீதத்தினருக்கு இந்த ஒவ்வாமை நோய் இருந்தது. பறவைகளோடு, பூஞ்சை பிடித்த ஏர் கூலர்களும் அதில் பெரிய காரணமாகப் பேசப்பட்டன.

சமண சாத்திரப்படி புறாவும் ஐம்பொறி உயிர், கபூதர்கானாவுக்கு எதிர் மாடியில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவரும் ஐம்பொறி உயிர். ஒன்றுக்கு இரங்கி இன்னொன்றின் மூச்சை அடைப்பது ஜீவதயை ஆகாது. புறாவைப் பட்டினி போடுவதும் ஆகாது. 2025 பிற்பகுதியில் 4 இடங்களில் காலை நேரத்தில் மட்டும் தீனி போட மாநகராட்சி தற்காலிகமாக அனுமதித்ததே, இரண்டுக்கும் நடுவே வழி உண்டு என்பதைக் காட்டுகிறது. தானியத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பறவை மருத்துவத்துக்கும், குடியிருப்பு இல்லாத இடத்தில் தீனி மேடை அமைக்கவும் கொடுத்தால் 1834-இன் வழியில் நடந்தவர்கள் ஆவோம்.

நம் வீடுகளுக்கும் இரண்டொரு சொல். பால்கனியில் அரிசி தூவாதீர்கள். காய்ந்த எச்சத்தை வெறுமனே பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் அணிந்து வழித்தெடுங்கள். பறவையைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட உட்காரட்டும். தாத்தா பாட்டிக்கு இருமல் விடாமல் இருந்தால், வீட்டருகே புறா உண்டு என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.